முதல் இரண்டு மணி நேரம்

அது 2019ஆம் ஆண்டின் இறுதி விடுமுறை. பிடி3 தேர்வு முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. அம்மாவும் அப்பாவும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள். தைப்பிங்கில் பிற்பகல் என்றால் பெரும்பாலும் மழைதான். திடலுக்குப் போய்ப் பந்து விளையாட வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தேன். "பொழுது போகவில்லை, பொழுது போகவில்லை" என்ற என் புலம்பலைக் கேட்டுச் சலித்துப்போன அண்ணன், ஒரு நாள் தம் பழைய மடிக்கணினியை என் முன்னே கொண்டுவந்து வைத்தார்.

"இதில் ஒரு விளையாட்டு வாங்கி வைத்திருக்கிறேன். விளையாடிப் பார்," என்றார்.

திரையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கறுப்புப் பின்னணி, அதில் வெள்ளைக் கோடுகள், சதுரத்தாளில் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டியதுபோல் ஒரு சின்ன உருவம். கோடு போட்ட சட்டை அணிந்த அந்தக் குழந்தை சிறுவனா சிறுமியா என்றுகூடத் தெரியவில்லை. என் நண்பர்கள் விளையாடும் விளையாட்டுகளில் வீரனின் தலைமுடி காற்றில் அசையும். தண்ணீரில் அவன் நிழல் தெரியும். இதுவோ ஆரம்பப்பள்ளி மாணவன் வரைந்த படம்போல் இருந்தது.

"இதையெல்லாம் காசு கொடுத்தா வாங்குவார்கள், அண்ணே?"

"பத்து டாலர்கூட இல்லை. அதிலும் மலிவு விற்பனையில் வாங்கினேன். ஆனால் ஒன்று, தம்பி. முதல் இரண்டு மணி நேரத்தை மெதுவாக விளையாடு. பதறாத காரியம் சிதறாது. கைப்பேசியில் விடை தேடாதே," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த விளையாட்டின் பெயர் அண்டர்டேல். 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது. டோபி ஃபாக்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் அதைப் பெரும்பாலும் தனி ஆளாகவே உருவாக்கினார். கதை, வடிவமைப்பு, இசை என எல்லாம் அவர் கைவண்ணம். படங்களில் மட்டும் சிலர் உதவினார்கள். 2013ஆம் ஆண்டில் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையத்தளத்தின்வழி அவர் பொதுமக்களிடம் கேட்ட தொகை 5,000 டாலர்தான். பலர் சேர்ந்து 51,000 டாலருக்கும் மேல் கொடுத்தார்கள். அப்படியும் அது பெரிய நிறுவனங்கள் ஒரு விளையாட்டுக்குச் செலவிடும் தொகையின் அருகில்கூட வராது. இவை யாவும் அண்ணன் பிறகு சொன்ன செய்திகள். அன்று எனக்கு எதுவும் தெரியாது. மழைச் சத்தத்தைக் கேட்டபடி, வேண்டா வெறுப்பாகத்தான் பொத்தானை அழுத்தினேன்.

இவ்வகை விளையாட்டைக் கதாபாத்திர விளையாட்டு என்பார்கள். நாம் ஒரு கதைமாந்தராக மாறி இடம் விட்டு இடம் நடக்க வேண்டும். எதிர்ப்படுவோரிடம் பேச வேண்டும். எதிரி வந்தால் சதுரங்கம்போல் நீ ஒரு முறை, நான் ஒரு முறை என்று மாறி மாறி மோத வேண்டும். இந்த வடிவத்தை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தவர்கள் ஜப்பானியர்கள். 1986இல் அங்கு வெளிவந்த டிராகன் குவெஸ்ட் இதற்கு முன்னோடி. அதை வடிவமைத்த யூஜி ஹோரி, ஆட்டக்காரரை முதலில் பூட்டிய அரண்மனை அறை ஒன்றில் நிறுத்துகிறார். அரசரிடம் பேசி, பெட்டியைத் திறந்து, சாவியை எடுத்து, கதவைத் திறந்து, படிகளில் இறங்கினால்தான் வெளியே போக முடியும். அந்த ஓர் அறையைக் கடப்பதற்குள் ஆட்டத்துக்குத் தேவையான அடிப்படைக் கட்டளைகளைப் புதியவர்கள் கற்றுக்கொண்டுவிடுவார்கள். நல்ல விளையாட்டின் முதல் சில மணி நேரம், கண்ணுக்குத் தெரியாத ஆசிரியர் ஒருவர் நம் அருகில் உட்கார்ந்திருப்பதைப் போன்றது. அண்டர்டேலும் அந்த ஜப்பானிய மரபில் பிறந்த அமெரிக்கப் பிள்ளைதான்.

கதைப்படி, மலைக் குகை ஒன்றில் குழந்தை தவறி விழுகிறது. விழுந்த இடத்தில் மஞ்சள் பூக்கள். மண்ணுக்கடியில் அரக்கர்களின் உலகம் இருக்கிறது. முதலில் எதிர்ப்படுவது சிரித்த முகத்தோடு ஒரு பூ. அதன் பெயர் ஃபிளவி. "உனக்கு இந்த உலகத்தைப் பற்றிச் சொல்லித் தருகிறேன்" என்பதுபோல் இனிக்க இனிக்கப் பேசியது. நட்பின் அடையாளமாக வெள்ளை மணிகளைத் தூவுகிறேன், ஓடிவந்து எடுத்துக்கொள் என்றது. நானும் ஓடிப் போய் எடுத்தேன். அவை அனைத்தும் தோட்டாக்கள்! என் உயிர்ப்புள்ளிகள் இருபதில் ஒன்றுதான் மிஞ்சியது. விளையாட்டில் முதன்முதலில் வரும் ஆசிரியரே ஏமாற்றுக்காரர். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வேண்டா வெறுப்பாக உட்கார்ந்திருந்தவன் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பூவை விரட்டிவிட்டு என்னைக் காப்பாற்ற வந்தவர் டோரியல். ஆட்டின் முகமும் நீண்ட காதுகளும் கொண்ட தாய்மைமிக்க அரக்கி. அவர் என்னைப் பாழடைந்த மண்டபங்கள் வழியே அழைத்துப் போனார். புதிர்களை நானே விடுவிக்கும் முன்பே அவர் விடுவித்துக் காட்டினார். ஓரிடத்தில் தரையெங்கும் கூரிய முட்கள். "இது உனக்கு ஆபத்து" என்று கவலைப்பட்டு, என் கையைப் பிடித்தபடி அழைத்துச் சென்று மறுபக்கம் விட்டார். எந்த விளையாட்டிலும் என் கையை யாரும் பிடித்ததில்லை. ஒரு துணிப்பொம்மையைக் காட்டி, "சண்டை வந்தால் இப்படிப் பேச்சுக் கொடு, நான் வந்து தீர்த்து வைக்கிறேன்" என்று பயிற்சியும் கொடுத்தார். பிறகு என் கையில் ஒரு கைப்பேசியைக் கொடுத்துவிட்டு, வேலையிருக்கிறது என்று போனார்.

அதன்பின் நானாகச் சுற்றிய அந்த ஒரு மணி நேரத்தை இன்று நினைத்தாலும் இனிக்கிறது. ஓர் அறையில் மிட்டாய்க் கிண்ணம் இருந்தது. ஒன்றுதான் எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. ஒன்று எடுத்தேன். யாரும் பார்க்கவில்லையே என்று இன்னொன்றும் எடுத்தேன். மூன்றாவதை எடுத்தபோது விளையாட்டே என்னைக் கண்டித்தது. நான்காவதுக்குக் கை நீட்டியதும் கிண்ணம் கவிழ்ந்து மிட்டாய்கள் தரையில் சிதறின. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் முறுக்கை அள்ளிப் பையில் போட்டு அம்மாவிடம் மாட்டிக்கொண்டது நினைவுக்கு வந்து கூசியது.

இன்னோர் அறையில் மூன்று பாறைகளைத் தள்ள வேண்டும். மூன்றாவது பாறை தள்ளத் தள்ள நகரவில்லை. காரணம், அது பேசும் பாறை! "தயவு செய்து கொஞ்சம் நகருங்கள்" என்று கேட்டால்தான் நகர்ந்தது. அதுவும் ஒரு முறை தவறான பக்கத்துக்கு. வேறோர் இடத்தில் சிலந்திகள் பலகாரக் கடை வைத்திருந்தன. ஏழு காசு கொடுத்தால் ஒரு டோனட். வழியில் காய்ந்த இலைகளின்மேல் ஆவி ஒன்று தூங்குவதுபோல் பாசாங்கு செய்துகொண்டிருந்தது. அதன் பெயர் நாப்ஸ்டாபுளூக். எப்போதும் அழுமூஞ்சி. அதன் கண்ணீர்த் துளிகளே நம்மேல் விழும் ஆயுதங்கள். அதற்கு ஆறுதல் சொல்லச் சொல்ல, தன் கண்ணீரையே தொப்பியாக்கி அணிந்து, "நன்றாக இருக்கிறதா?" என்று வெட்கத்தோடு கேட்டது. ஒரு பாறை, ஒரு சிலந்தி, ஓர் ஆவி. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பணம் தேவையில்லை. யோசிக்கும் மனம் போதும் என்பது புரிந்தது. கட்டங்களால் ஆன படங்கள் என்று நான் சிரித்ததையே மறந்துவிட்டேன்.

ஆனால் ஒரு பழக்கம் மட்டும் என்னை விடவில்லை. எதிரி வரும்போதெல்லாம் திரையின் கீழே நான்கு பொத்தான்கள் தோன்றும்: தாக்கு, செயல், பொருள், இரக்கம். தவளை வடிவில் வந்த ஃபிராகிட்டைப் பாராட்டலாம். அது நாணிப் போய் விலகிவிடும். பயந்த சுபாவமுள்ள சின்னப் பூச்சி அரக்கனை ஒன்றும் செய்யாமலே விட்டுவிடலாம். நானோ தாக்கு, தாக்கு, தாக்கு என்றே அழுத்தினேன். மற்ற விளையாட்டுகளில் அடித்தால் அனுபவப் புள்ளி கிடைக்கும். புள்ளி சேர்ந்தால் பலம் கூடும். அந்தக் கணக்கிலேயே என் விரல் போயிற்று. அந்தப் பூச்சி தூளாகிக் காற்றில் கரைந்தபோதுகூட நான் புள்ளியைத்தான் பார்த்தேன்.

இதற்கிடையில் இரண்டு கைப்பேசிகள் ஒலித்துக்கொண்டிருந்தன.

ஒன்று விளையாட்டுக்குள் இருந்த கைப்பேசி. டோரியல் அழைத்தார். "உனக்கு இலவங்கப்பட்டை பிடிக்குமா, பட்டர்ஸ்காட்ச் பிடிக்குமா?" என்று கேட்டார். யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். சிறிது நேரத்தில் மறுபடியும் அழைத்து, நான் தேர்ந்தெடுக்காத மற்றொன்றை வெறுக்கமாட்டேனே என்று உறுதி செய்துகொண்டார். மூன்றாம் முறை அழைத்து, ஏதேனும் ஒவ்வாமை உண்டா என்று விசாரித்தார்.

மற்றொன்று மேசையில் கிடந்த என் கைப்பேசி. அழைத்தவர் சுங்கை சிப்புட்டில் இருக்கும் பாட்டி.

"பசியாறிட்டியா, ஐயா?"

"மணி மூன்றாகிறது பாட்டி. மத்தியானச் சாப்பாடே முடிந்துவிட்டது."

"சனிக்கிழமை எல்லாரும் வர்றீங்கன்னு அம்மா சொன்னா. உனக்கு என்ன செய்யட்டும்? அதிரசமா, நெய் உருண்டையா?"

"ஏதாவது செய்யுங்க, பாட்டி. நான் அப்புறம் பேசுறேன்."

சிறிது நேரத்தில் மறுபடியும் அழைப்பு வந்தது. கைப்பேசியைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தேன். திரையில் டோரியலின் வீடு தெரியத் தொடங்கியிருந்தது. அதன் வாசலில் மின்னிய விண்மீனைத் தொட்டு, அதுவரை ஆடியதைச் சேமித்துக்கொண்டேன்.

டோரியல் எனக்காக ஓர் அறையைத் தயார் செய்திருந்தார். கட்டிலில் படுத்துக் கண்விழித்தால், தரையில் ஒரு துண்டு பை இருந்தது. பட்டர்ஸ்காட்ச், இலவங்கப்பட்டை இரண்டையும் கலந்தே சுட்டிருந்தார். கணப்பருகே நாற்காலியில் அமர்ந்து நத்தைகளைப் பற்றிய புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். இனி நான் அங்கேயே இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. வெளியே போனால் என்னைக் கொன்றுவிடுவார்கள் என்பது அவர் பயம். ஆனால் ஆட்டம் தொடர வேண்டுமே! வீட்டுக்குப் போகும் வழியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் எழுந்து, வெளிவாசலை இடித்துவிடுவதற்காகக் கீழ்த்தளத்துக்குப் போனார். நான் பின்தொடர்ந்தேன். அவர் வழிமறித்து நின்றார்.

அவரோடு மோதும் நிலை வந்தது. பேசிப் பார்த்தேன், பயனில்லை. இரக்கம் என்ற பொத்தானை இரண்டு மூன்று முறை அழுத்தினேன், எதுவும் மாறவில்லை. சரி, போக்கிமானில் செய்வதுபோல் கொஞ்சம் பலவீனமாக்கிவிட்டு அப்புறம் விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அடித்தேன். மறுபடியும் அடித்தேன். அவருடைய உயிர்ப்புள்ளி பாதிக்கும் கீழே இறங்கியது. இன்னும் ஒரே ஓர் அடி என்று நினைத்து அழுத்தினேன். அந்த ஓர் அடி நான் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பலமாக விழுந்தது.

டோரியல் முழந்தாளிட்டார். சிரமப்பட்டுச் சில வார்த்தைகள் பேசினார். அப்போதும் அவர் பேசியது என்னைப் பற்றித்தான். நான் வெளியே போய்ப் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான். பிறகு மற்றவர்களைப் போலவே அவரும் தூளாகிப் போனார்.

வெளியே மழை நின்றிருந்தது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னர்தான் ஒன்று உறைத்தது. சண்டையில் என் உயிர்ப்புள்ளி மிகவும் குறைந்த நேரத்தில், அவர் எறிந்த நெருப்புகள் என்னைத் தொடாமல் விலகி விலகிப் போயின. என் ஆட்டத்திறன் என்று நான் பெருமைப்பட்டது உண்மையில் அவருடைய இரக்கம்.

அவசர அவசரமாக ஆட்டத்தை மூடினேன். சேமித்த இடத்திலிருந்து மீண்டும் திறந்தேன். வாசலில் டோரியல் எதுவும் அறியாமல் என்னை வரவேற்றார். அதே அறையைக் காட்டினார். அதே பையைச் சுட்டார். சண்டை தொடங்கும் வேளையில், ஏன் ஆவியைக் கண்டதுபோல் என்னைப் பார்க்கிறாய் என்று கேட்டார்! என் முதுகு சில்லிட்டது. இம்முறை இரக்கத்தை மட்டுமே அழுத்தினேன். ஐந்து முறை, பத்து முறை. ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் முகம் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே வந்தது. நான் முதல் ஆட்டத்தில் மூன்றாம் முறையோடு நிறுத்திவிட்டேன். வழி சரிதான், பொறுமைதான் போதவில்லை. முடிவில் அவர் தாக்குவதை நிறுத்தினார். என்னை அணைத்து, வழிவிட்டுப் போனார்.

எல்லாவற்றையும் சரி செய்துவிட்டேன் என்று நிம்மதியாக நடந்தேன். வாசலுக்கு முன்னால் அந்தப் பூ காத்திருந்தது. நீ செய்தது எனக்குத் தெரியும் என்றது. அவரைக் கொன்றாய், பிறகு வருந்தித் திரும்பி வந்தாய் என்று, நடந்ததை அப்படியே சொல்லிச் சிரித்தது.

"அண்ணே!" என்று கத்திவிட்டேன். அண்ணன் வந்து பார்த்துச் சிரித்தார். "நீ சேமிக்கிற கோப்பு வேறு. இந்த விளையாட்டு தனியாக எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பு வேறு. நீ பின்னால் போகலாம். நடந்தது நடக்கவில்லை என்று ஆகிவிடாது," என்றார்.

அண்ணன் போனபின் மேசையில் கவிழ்ந்து கிடந்த கைப்பேசியைத் திருப்பினேன். தவறிய அழைப்புகள் மூன்று. மூன்றும் பாட்டி. பட்டர்ஸ்காட்ச்சா இலவங்கப்பட்டையா என்று கட்டங்களால் ஆன ஓர் உருவம் கேட்டபோது நான் யோசித்துப் பதில் சொன்னேன். அதே கேள்வியைப் பாட்டி கேட்டபோது "ஏதாவது" என்றேன். ஆறுமணித் தேநீரை அம்மா வந்து கலக்கும் முன்பே பாட்டியை அழைத்தேன்.

"பாட்டி, எனக்கு அதிரசம்தான் வேணும்."

"அடடா! நீ ஏதாவதுன்னு சொன்னியே, ஐயா. எதுன்னு தெரியல. அதான் ரெண்டுக்கும் ஏற்பாடு பண்ணிட்டேன். பயறு வறுத்தாச்சு, அதிரசத்துக்கு அரிசியும் ஊறுது," என்றார் பாட்டி. "நெய் உருண்டை பிடிக்காதுன்னு இல்லையே?"

என்னால் உடனே பேச முடியவில்லை.

"பிடிக்கும், பாட்டி. நீங்க சாப்பிட்டீங்களா?"

மறுமுனையில் சிறிது நேரம் அமைதி. எப்போதும் அவர் கேட்கும் கேள்வியை அன்றுதான் நான் கேட்டிருந்தேன். பிறகு பாட்டி பேசத் தொடங்கினார். காலையில் கஞ்சி குடித்தது, கோழி ஒன்று அடைகாப்பது, முழங்கால் வலி, பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளி மாறியது என ஒன்று விடாமல் சொன்னார். நான் நாற்காலியைச் சாளரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டேன்.

மடிக்கணினித் திரையில் கதவு திறந்து, அப்பால் பனி மூடிய காடு ஒன்று தெரிந்தது. அது காத்திருந்தது.